செமஸ்டர் நடுவில் ஒரு கேள்வித்தாள்: எஸ்இஇக்யூ பயன்படுத்திய அனுபவம்

மாணவர் ஃபீட்பேக் என்றாலே செமஸ்டர் முடிந்தபின் கைக்கு வரும் ஒரு சராசரிதான். 5-க்கு 3.8. சரி, அதை வைத்து நாளைய வகுப்பில் எதை மாற்றுவது? அதனால்தான் கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1982-இல் வெளியிட்ட எஸ்இஇக்யூ (Students' Evaluation of Educational Quality, கற்பித்தலை மாணவர்களே மதிப்பிடும் கேள்வித்தாள்) என்பதை என் புள்ளியியல் வகுப்பில் பயன்படுத்தத் தொடங்கினேன். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் அப்படியே முழுதாகக் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

கற்பித்தலை இது ஒன்பது கூறுகளாகப் பிரிக்கிறது. ஆசிரியரின் உற்சாகம் ஒன்று, பாடத்தை ஒழுங்காகவும் தெளிவாகவும் நடத்துவது இன்னொன்று, தேர்வும் திருத்தலும் வேறொன்று. ஒன்றில் நன்றாகச் செய்பவர் மற்றொன்றில் தடுமாறலாம், மொத்தச் சராசரியில் அது மறைந்துபோகும். என் வகுப்பில் உற்சாகத்துக்கு நல்ல மதிப்பு வந்தது. திருத்தித் தந்த விடைத்தாள் பயன்பட்டதா என்ற கேள்விக்குக் குறைவாக வந்தது. கீழே ஒரு மாணவர் எழுதியிருந்தார்: “மார்க் மட்டும்தான் இருக்கிறது. எந்த வரியில் தப்பு என்று தெரிந்தால் அடுத்த முறை சரியாகப் போடுவேன்.” இப்போதெல்லாம் கணக்கு எந்த வரியில் தடம் மாறுகிறதோ அங்கேயே கோடு போட்டு, “பி நடந்திருந்தால் ஏ நடக்கும் வாய்ப்பைக் கேட்டேன், நீ தலைகீழாகப் போட்டிருக்கிறாய்” என்பதுபோல ஒரு வரி எழுதிவிடுகிறேன். திருத்த நேரம் கூடுகிறது, ஆனால் அதே தப்பு திரும்பி வருவது குறைந்திருக்கிறது.

குறை என்றால் நீளம். முப்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள். பாதியைத் தாண்டியதும் மாணவர்கள் படிக்காமலே ஒரே கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டு போவார்கள். செமஸ்டர் நடுவில் எல்லாம் தேவையும் இல்லை. பாடத்தின் விரிவு எப்படி என்று பாதிப் பாடத்தில் கேட்டு என்ன பயன்? மூன்று கூறுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, “எது உதவுகிறது, எதை மாற்ற வேண்டும்” என்ற இரண்டு திறந்த கேள்விகளைச் சேர்க்கிறேன். கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் முகவரி சேகரிப்பதை நிறுத்திவிட்டு, வகுப்பிலேயே பத்து நிமிடம் கொடுத்து, நான் வெளியே போய்விடுவேன்.

முடிவுகளைப் பார்க்கும்போது சராசரியில் நிற்காதீர்கள். எல்லோரும் 3 போட்டாலும் சராசரி 3; பாதிப்பேர் 1, பாதிப்பேர் 5 போட்டாலும் 3. முதலாவது சுமாரான வகுப்பு. இரண்டாவதில் பாதிப்பேர் முழுக்கத் தொலைந்துபோயிருக்கிறார்கள்.

படித்துவிட்டு மூடிவைத்தால் இதனால் பெரிய பலன் இல்லை. கல்வி ஆய்வாளர் பீட்டர் கோஹன் 1980-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நடுவில் ஃபீட்பேக் பெற்றதோடு அதைப் பற்றி ஒருவரோடு உட்கார்ந்து பேசிய ஆசிரியர்களிடம்தான் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. நானும் துறையில் ஒரு தோழியோடு உட்கார்ந்துதான் படிக்கிறேன். காயப்படுத்தும் வரியைத் தாண்டி, திரும்பத் திரும்ப வரும் விஷயத்தை அவர் கண்டுபிடித்துவிடுகிறார். அப்புறம் வகுப்பில் போய், எதை மாற்றுகிறேன், எதை மாற்ற மாட்டேன், ஏன் என்று சொல்லிவிட வேண்டும். கையால் கணக்குப் போடுவதை விட்டுவிட்டு மென்பொருளுக்குப் போகலாம் என்று கேட்டார்கள். திட்டப்பிழை (மாதிரியிலிருந்து கணித்த மதிப்பு எவ்வளவு மாறக்கூடும் என்பதன் அளவு) எங்கிருந்து வருகிறது என்பது கையில் பழகும்வரை முடியாது என்றேன், காரணத்தோடு. ஏற்றுக்கொண்டார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த எண்களைப் பதவி உயர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது. அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், இணைய வகுப்பின் இரண்டு பயிற்றுநர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், சில குழுக்களில் பெயரை மாற்றிக்கொண்டார்கள். அசைன்மென்ட்டுகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் திருப்பித் தரப்பட்டன. ஆனாலும் ‘உடனுக்குடன் தருகிறார்’ என்பதற்கு ஆண் பெயருக்கு 4.35, பெண் பெயருக்கு 3.55. கனடாவில் அன்றைய ரயர்சன் பல்கலைக்கழகத்துக்கும் அதன் ஆசிரியர் சங்கத்துக்கும் இடையிலான தகராறில் வந்த 2018 நடுவர் தீர்ப்பும், கற்பித்தல் திறனை அளந்து பதவி உயர்வு முடிவு செய்ய இந்தச் சராசரிகள் கூடாது என்றே சொன்னது.

புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். முதல் தேர்வின் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த அடுத்த வாரம் கேளுங்கள். மாணவர்களுக்குச் சொல்ல விஷயம் இருக்கும், உங்களுக்கும் திருத்திக்கொள்ள மீதி செமஸ்டர் இருக்கும்.