பால் வடியும் நேரத்தில் பழைய ஃபைனல் ஃபேண்டஸி

சித்தி மகன் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கிறான். போன கிறிஸ்துமஸ் லீவுக்குக் குலசேகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், கையில் இருந்த பழம்பொரியைத் தின்றுகொண்டே கேட்டான்: "அண்ணே, இந்த ஃபைனல் ஃபேண்டஸில எதுல இருந்து தொடங்கணும்?" எண் வரிசையில் வரும் ஜப்பானிய வீடியோ கேம் தொடர் அது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீமில் தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்த நேரம். அவனிடம் ஒரு கேமுக்குத்தான் காசு இருந்தது.

"ஒண்ணாவதுல தொடங்காத மக்கா" என்று மட்டும் உடனே சொன்னேன். மீதியைச் சொல்லி முடிக்க ராத்திரி ஆகிவிட்டது. அந்தப் பேச்சைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். 2017-இல் இருந்து இந்தத் தொடரில் பத்து கேம் முடித்திருக்கிறேன், இரண்டைப் பாதியில் விட்டிருக்கிறேன். 11-உம் 14-உம் ஆன்லைன் கேம்கள். எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் அழகுக்கு அவற்றை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 6 விளையாட 5-ஐ முடித்திருக்க வேண்டும் என்பதெல்லாம் இல்லை. ஒவ்வொரு எண்ணும் தனி உலகம், தனி ஆட்கள். சோகோபோ என்ற சவாரிப் பறவையும் சிட் என்ற பெயரில் யாராவது ஒருவரும் வருவார்கள் (இரண்டும் 1988-இல் வந்த 2-இல் தொடங்கிய வழக்கம்), மந்திரங்களின் பெயர்கள் ஒன்றாக இருக்கும். சொந்தம் அவ்வளவுதான்.

ஆனால் எண்ணில் வேறொரு வில்லங்கம் உண்டு. ஜப்பானில் 4 என்று வந்தது அமெரிக்காவில் 2 என்ற பெயரில் போனது. 1994-இல் வந்த 6 அங்கே 3 ஆனது. உண்மையான 2, 3, 5 மூன்றும் அப்போது ஜப்பானைத் தாண்டவே இல்லை. பழைய குறிப்பு ஒன்றில் "மூன்றாம் பாகம்தான் உச்சம், கெஃப்கா போல வில்லன் கிடையாது" என்று படித்து வைத்திருந்த நான், 2021-இல் 3-இன் பிக்சல் ரீமாஸ்டர் (பழைய கேமைப் புதுப்பித்த பதிப்பு) வந்ததும் வாங்கினேன். கெஃப்கா எங்கே, ஓபரா காட்சி எங்கே என்று பத்து மணி நேரம் தேடினேன். அவர்கள் இருந்தது 6-இல்.

சரி, அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? கதை, இசை, சண்டை முறை என்று ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருப்பார்கள். என்னுடையது கொஞ்சம் வறட்சியானது: எங்கே சேவ் செய்யலாம், அதாவது விட்ட இடத்தைப் பதிந்து வைக்கலாம் என்று பாருங்கள்.

இது எனக்கு ஓகி புயல் கற்றுக்கொடுத்தது. 2017 நவம்பர் 29 ராத்திரி, கணினியில் 7 ஓடிக்கொண்டிருந்தது. முதல் ஃபைனல் ஃபேண்டஸி, அதனால் ஒரு வெறி. காஸ்மோ கேன்யன் வரை வந்திருந்தேன். அந்தக் காலத்துக் கேமில் உலக வரைபடத்தில் எங்கும் சேவ் செய்யலாம். ஊருக்குள், குகைக்குள் என்றால் அதற்கென்று வைத்த இடத்துக்குப் போக வேண்டும். இன்னும் கொஞ்சம் போய்ச் செய்யலாம் என்று இருந்தபோது காற்று ஏறியது, கரண்டு போனது. யுபிஎஸ் கிடையாது. இரண்டு மணி நேர ஆட்டம் போயிற்று. விடிந்து பார்த்தால் தோட்டத்தில் ரப்பர் மரங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன, வாழை மொத்தமும் தரையில், ரோட்டில் மின்கம்பங்கள். கடலுக்குப் போன ஆட்களைத் தேடி ஊரே அழுதுகொண்டிருந்தது. கேமைப் பற்றி நினைக்கவே வெட்கமாக இருந்தது. எங்கள் பக்கம் கரண்டு வர பத்து நாளுக்கு மேல் ஆனது. பிறகு தொடங்கி, சனவரியில் முடித்தேன்.

7 நல்ல கேம்தான், சந்தேகமே வேண்டாம். மந்திரக் கற்களைக் குழிகளில் பதிக்கும் மெட்டீரியா முறை இன்றும் சலிக்காது. குணமாக்கும் மந்திரக் கல்லை 'எல்லோருக்கும்' என்ற கல்லோடு சேர்ந்த குழியில் பதித்தால், ஒரே வீச்சில் மூன்று பேருக்கும் உயிர் ஏறும். இப்படிச் சேர்த்துச் சேர்த்துப் பார்ப்பதிலேயே நேரம் போகும். ஆனால் 1997-ஆம் ஆண்டின் கட்டைவிரல் பொம்மை முகங்களைப் பார்த்துப் பழக ஒரு வாரம் வேண்டும். 2020-இல் வந்த ரீமேக்கை முதலில் ஆடிவிடலாமே என்று தம்பி கேட்டான். கூடாது. மூலக்கதை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு உன்னோடு விளையாடுகிற கேம் அது. தெரியாமல் போனால் பாதி சுவை போய்விடும்.

எங்கள் வீட்டில் ரப்பர் பால்வெட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள். விடியற்காலை நான்கரைக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் ஏழரைக்குள் வெட்டி முடியும். அப்புறம் சிரட்டையில் பால் வடிந்து நிற்கும்வரை இரண்டு மணி நேரம் வேலை இல்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து கொசுவை அடிக்க வேண்டியதுதான். அந்த இரண்டு மணி நேரம்தான் என் கேம் நேரம், கையில் இருப்பது போன். எப்போது மழை தூறும், எப்போது அம்மா கூப்பிடுவாள் என்று தெரியாது. "மக்கா, பாலு நெறஞ்சு வழியுது, நீ இன்னும் போனத் தடவிட்டு இருக்கியா?" என்று சத்தம் வந்தால் அந்த நொடியே மூட வேண்டும்.

இந்த வாழ்க்கைக்குப் பொருந்தியதில் முதலாவது 9. மொபைல் பதிப்பு தானாகவே சேவ் செய்துகொள்ளும். சண்டை தொடங்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அதன் பெரிய குறை, வேகம் கூட்டும் பொத்தான் அதைப் பாதி சரிசெய்கிறது. விவி என்ற சிறு சூனியக்காரப் பையன், தான் யார், எவ்வளவு நாள் இருப்பான் என்று கேட்டுக்கொண்டே வருவான். ஒரு காலை அவன் பேசிய பேச்சில் நான் சிரட்டைகளை மறந்து உட்கார்ந்திருந்தேன். கதைக்காக மட்டும் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து பிக்சல் ரீமாஸ்டர்கள். 1 முதல் 6 வரை 2021 ஜூலையில் தொடங்கி 2022 பிப்ரவரிக்குள் கணினியிலும் மொபைலிலும் வந்தன. நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம், அறை மாறினால் தானாகவும் ஆகும். 2023-இல் கன்சோலுக்கு வந்தபோது, வழியில் குறுக்கிடும் சண்டைகளை நிறுத்தவும் அனுபவப் புள்ளியைக் கூட்டவும் வசதி சேர்த்தார்கள். பிறகு மற்றவற்றுக்கும் கொடுத்தார்கள். முதலில் வந்த ஆங்கில எழுத்துரு கண்ணைக் குத்தும், அதையும் இப்போது மாற்றிக்கொள்ளலாம்.

இந்த ஆறில் என் செல்லப்பிள்ளை 5. 1992-இல் ஜப்பானில் வந்தது, அமெரிக்காவுக்குப் போக 1999 ஆனது. கதை இலகுவானது. காற்று நின்றுபோன உலகம், நான்கு பேர், ஒரு கெட்ட மரம் என்று சொல்லிவிடலாம். வில்லனின் அடியாள் கில்காமேஷ் வந்தால் சிரிப்புதான். ஆனால் ஆளுக்கொரு தொழிலைக் கொடுத்து வளர்க்கும் முறை இருக்கிறதே! 22 தொழில்கள். ஒன்றில் கற்ற வித்தையை இன்னொன்றுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். நிஞ்சாவிடம் இரண்டு கையிலும் ஆயுதம் பிடிக்கக் கற்றுக்கொண்டு, வேடனிடம் ஒரே முறையில் நான்கு அடி அடிக்கும் வித்தையைக் கற்று இரண்டையும் சேர்த்தால் எட்டு அடி விழும். நீல மந்திரவாதி என்று ஒரு தொழில்: எதிரியின் மந்திரத்தைக் கற்க வேண்டுமென்றால் அதை அவனிடம் அடிபட்டுத்தான் கற்க வேண்டும். எங்கள் தாத்தா வெட்டுக்கத்தி பிடிக்கக் கற்றதும் அப்படித்தான் என்று அப்பா சொல்வார்.

இருபது நிமிடம் ஆடினாலும் யாராவது ஒருவருக்கு ஒரு வித்தை கூடியிருக்கும். கதை எங்கே நின்றது என்று நினைவில் இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. துண்டு துண்டாக விளையாடுகிறவருக்கு இதைவிட நல்ல பழைய ஆர்பிஜி (ஆட்களை வளர்த்துக் கதைக்குள் போகும் கேம்) எனக்குத் தெரிந்து இல்லை. 3-இலும் தொழில்கள் உண்டு. ஆனால் அது உன்னைக் கட்டாயப்படுத்தும். ஓரிடத்தில் எல்லோரும் குட்டியாகி மந்திரவாதிகளாகப் போக வேண்டும், இன்னோர் இடத்தில் டிராகூன்கள் (பாய்ந்து குத்தும் ஈட்டிக்காரர்கள்) இல்லாமல் பெரிய எதிரி சாகாது. கடைசிக் குகை மிக நீளம். பழைய பதிப்பில் அதன் நடுவே சேவ் கிடையாது என்பதை நினைத்தாலே எனக்கு ஓகி ராத்திரி ஞாபகம் வருகிறது.

6-ஐ நான் தவறான முறையில் விளையாடினேன். 14 பேர், ஆளுக்கொரு பழைய காயம். பாறையில் உட்கார்ந்து அரை மணி, முக்கால் மணி என்று போனதில் யார் யாருக்கு என்ன உறவு என்பதே கைவிட்டுப் போனது. இரண்டாம் பாதியில் யாரை எப்போது தேடிப் போவது என்பது உன் விருப்பம். எங்கே விட்டோம் என்று மறந்தவனுக்கு அது காட்டில் விட்டது போல. ஒரு மழை வாரத்தில் வெட்டு நின்றபோது வீட்டில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து ஆடினேன். அப்போதுதான் ஏன் இத்தனை பேர் இதைக் கொண்டாடுகிறார்கள் என்று விளங்கியது. ஒரு குறையும் சொல்ல வேண்டும்: கடைசியில் எல்லோரும் எல்லா மந்திரமும் கற்றுக்கொள்வதால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மங்கிவிடுகிறது.

4 நேர்க்கோட்டுக் கதை. கூட்டத்தில் யார் இருக்க வேண்டும் என்பதைக் கதையே முடிவு செய்யும். கறுப்பு வீரன் செசில் தன் பாவத்தைக் கழுவ மலையேறும் இடம் அருமை. ஆனால் ஆட்கள் மாறி மாறித் தியாகம் செய்வார்கள். முதல் ஆளுக்கு வருந்தினேன், மூன்றாவது ஆளுக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுமார் இருபது மணி நேரத்தில் முடியும். முதல் முறை ஆடுகிறவர் தைரியமாக எடுக்கலாம்.

1987-இல் வந்த 1-ஐ நான் 2023-இல்தான் ஆடினேன். ஐந்தாறு பாகம் முடித்த பிறகு, இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க நல்லது. தொடக்கத்துக்கு வேண்டாம். 2-இல் லெவல் கிடையாது, எதைச் செய்கிறாயோ அது வளரும். உயிர் கூட வேண்டுமென்றால் அடி வாங்க வேண்டும், அதற்காக என் ஆளை நானே வாளால் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. விட்டுவிட்டேன்.

10-ஐ கணினியில் ஆடினேன். அடுத்து யாருடைய முறை என்று ஓரத்தில் வரிசை தெரியும், சண்டை நடுவிலேயே ஆளை மாற்றலாம். அவசரமே இல்லாத அந்தச் சண்டை முறை இன்றும் பழசாகவில்லை. தண்டர் ப்ளெயின்ஸ் என்ற இடத்தில் ஒரு பரிசுக்காக இருநூறு மின்னலைத் தொடர்ந்து தப்ப வேண்டும். ஐப்பசி மாலை, வெளியே நிஜ இடி. எது கேமுக்குள், எது பேச்சிப்பாறைப் பக்கம் என்று பிரிக்க முடியாமல் நூற்றுப் பதினேழில் அடிபட்டேன். மறுபடி முயலவில்லை.

மாசி பங்குனியில் ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும்போது வெட்டை நிறுத்தி வைப்போம். அந்த ஓய்வுக்கென்று ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தேன்: 12, அதன் ஜோடியாக் ஏஜ் என்ற ரீமாஸ்டர் பதிப்பு. கேம்பிட் என்று ஒரு முறை. 'தோழனின் உயிர் பாதிக்குக் கீழே போனால் குணமாக்கு' என்பது போல விதிகளை வரிசையாக எழுதிவிட்டால் ஆட்கள் தாங்களே சண்டை போடுவார்கள். விதி சரியாக அமைந்த அன்று, கையைக் கட்டிக்கொண்டு பார்க்கும் சுகம் தனி. பழைய பதிப்பில், தொடக்கத்தில் சில பெட்டிகளைத் திறந்துவிட்டால் பிறகு ஒரு பெரிய ஈட்டி கிடைக்காமல் போகும், யாரும் சொல்லவும் மாட்டார்கள். ரீமாஸ்டரில் அந்த அநியாயம் இல்லை. அதனால் வாங்கினால் இதையே வாங்குங்கள்.

என் அளவுகோல் தோற்ற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 13-இல் சேவ் செய்யும் இடங்கள் தாராளம், தோற்றால் அந்தச் சண்டைக்கு முன்னால் இருந்தே தொடங்கலாம், ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு உயிர் முழுதாக ஏறிவிடும். என் மாதிரி ஆளுக்கென்றே செய்தது போல இருக்கும். ஆனால் பதினோராம் அத்தியாயம் வரை ஒரே ஒற்றையடிப் பாதை. ஒன்பதாம் அத்தியாயத்தில் நிறுத்தினேன், மறுபடி திறக்கத் தோன்றவில்லை.

8-ஐ முதலில் பாதியில் விட்டதும் என் தவறுதான். ஒவ்வொரு எதிரியிடமும் மந்திரத்தை நூறு வரை உறிஞ்சிக்கொண்டு நின்றேன், லெவலையும் ஏற்றினேன். இதில் உன் லெவல் ஏறினால் எதிரிக்கும் ஏறும் என்பது தெரியாது. 2019-இல் வந்த ரீமாஸ்டரில் திரும்பிப் போனபோது, சீட்டாட்டத்தில் சீட்டு ஜெயித்து, அதைப் பொருளாக மாற்றி, பொருளை மந்திரமாக்கினேன். உறிஞ்சும் வேலையே குறைந்துவிட்டது. முதல் முறை அழுக்கு என்று நினைத்த கேம், இரண்டாம் முறை கொள்ளாம், நன்றாகவே இருந்தது.

தம்பிக்கு நான் சொன்னது: போனில் விளையாடுவாய் என்றால் 5, கதைக்கு 9. தலையாட்டினான். மறுநாள் காலை கணினியில் 8-ஐ வாங்கியிருந்தான். சீட்டாட்டம் என்று நான் சொன்னது மட்டும் அவன் காதில் விழுந்திருக்கிறது. மூன்று வாரம் கழித்துப் போனில் கேட்டேன், எது வரை வந்தாய் என்று.

"கதையா? அது அங்கேயே நிக்குது அண்ணே. நூறு சீட்டு சேர்ந்தாச்சு."