கோண்டாவில் கராச்சும் என் ஜீப்பின் நடுக்கமும்

ஏழு மாதமாக, சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறும் ஒவ்வொரு முறையும் என் ஜீப்பின் கியர் தடி உள்ளங்கை கூசும் அளவுக்கு நடுங்கும். 55 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்கும், 65 இல் முன் கண்ணாடியும் சேர்ந்து பேச ஆரம்பிக்கும். பூநகரிக்குப் போய் இறங்கினால் அரை மணித்தியாலத்துக்குக் கையில் அந்த அதிர்வு இருக்கும். போன மாதம் அது நின்றது. நிறுத்திய கராச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஜீப் மிற்சுபிசி, 4டிஆர்5 எஞ்சின், என்னைவிட இரண்டு வயது இளையது. பூநகரியில் கொஞ்ச வயல் இருக்கிறது. காலபோகத்தில் மழை இறங்கியதும் வயலுக்குப் போகிற பாதையை உழவு இயந்திரங்கள் இரண்டு வாய்க்காலாக்கிவிடும். நடுவில் எழும்பி நிற்கிற வரம்பில் ஜீப்பின் பின் டிஃப் (பின் அச்சின் நடுவில் உள்ள கியர் உருண்டை) போய் இடிக்கும். போன மாரியில் இரண்டு தரம் மண்வெட்டியால் வெட்டித்தான் வெளியே எடுத்தேன். "வாகனத்தை உயர்த்து" என்றார் மச்சான். ஒரு இடத்தில் கொடுத்தேன். எந்த இடம் என்பது வேண்டாம். ஸ்பிறிங்கில் தகடு கூட்டி, நீளச் சக்கிள் (ஸ்பிறிங்கின் நுனியைச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு) போட்டு 3 அங்குலம் உயர்த்தித் தந்தார்கள். பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வருகிற வழியிலேயே நடுக்கம் தொடங்கிவிட்டது.

திரும்பப் போனேன். ரயர் பலன்ஸ் இல்லை என்றார்கள், மூன்று தரம் செய்வித்தேன். கியர் பொக்ஸ் மவுண்டிங் என்றார்கள், அதையும் மாற்றினேன். கடைசியில் "பழைய வாகனம், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். உயர்த்துவதற்கு முதல் நாளும் அது பழைய வாகனமாகத்தானே இருந்தது!

கோண்டாவில் டிப்போப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது இந்தக் கராச். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு பழைய டிஃப் கூடு சிவப்பு மை பூசிக் கிடக்கும், அதுதான் அடையாளம். கராச் நடத்துகிற அண்ணைக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் கதையைத் தொடங்க முதலே மூன்று கேள்வி கேட்டார்.

"தம்பி, எத்தினையிலை நடுங்குது? அக்சிலேற்றரிலை இருந்து காலை எடுத்தா மாறுதோ? நியூட்றலிலை உருள விட்டா?"

காலை எடுத்தால் நடுக்கத்தின் விதம் மாறுகிறது, போவதில்லை என்றேன். ரயரில் பிழை என்றால் கால் வைத்தாலும் எடுத்தாலும் ஒரே மாதிரித்தான் ஆடும், இது புறொப்பெலர் ஷாஃப்ற், பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டு, என்றார். ஏழு மாதமாக நான் காசு கொட்டிய கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில்.

அப்புறம் நடந்ததைத்தான் நான் மெச்ச வேண்டும். ஜக் போட்டுத் தூக்கவில்லை. தூக்கினால் அச்சு தொங்கிவிடும், அளக்கிற கோணமெல்லாம் பொய்யாகிவிடும் என்றார். சமமான சீமெந்துத் தரையில் நான்கு சில்லிலும் நிற்க விட்டார். வயலுக்குப் போகும்போது என்ன ஏற்றுவாய் என்று கேட்டு, உரப்பைக்குப் பதிலாக இரண்டு மண் மூட்டையைப் பின்னால் வைத்தார். பிறகு பேர்த்தியின் கணிதப் பெட்டியில் இருந்து எடுத்த பாகைமானியில் நூல் கட்டி, நூல் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, அடியில் படுத்துக்கொண்டார். ரான்ஸ்பர் பொக்ஸின் (கியர் பொக்ஸின் சுழற்சியை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) வெளிவாய் பின்பக்கமாக 4 பாகை இறங்கியிருந்தது. ஷாஃப்ற் 14 பாகை சரிவு. டிஃப்பின் மூக்கு, அதாவது ஷாஃப்ற் பூட்டும் முனை, 9 பாகை மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அதாவது ஷாஃப்றின் இரண்டு முனையிலும் உள்ள மடங்கும் மூட்டுகளில், முன் யூ ஜொயின்ற் 10 பாகையில் மடங்கியிருக்கிறது, பின் யூ ஜொயின்ற் 5 பாகையில்.

இதில் என்ன பிழை என்று சுவரில் கரியால் கீறிக் காட்டினார். யூ ஜொயின்ற் மடங்கிச் சுற்றும்போது அடுத்த பக்கத்தை ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. ஒரு சுற்றுக்குள் இரண்டு தரம் முந்தும், இரண்டு தரம் பிந்தும். 10 பாகையில் முந்துவதும் பிந்துவதும் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் வீதம். பின் ஜொயின்றும் அதே அளவு மடங்கியிருந்தால் முதலாவது செய்த குழப்பத்தை அது சரிக்கட்டிவிடும். அதற்குத்தான் ரான்ஸ்பர் பொக்ஸின் வாயும் டிஃப்பின் மூக்கும் சமாந்தரமாக இருக்க வேண்டும். பின்பக்கச் சக்கிளை மட்டும் நீட்டினால் ஸ்பிறிங்கின் பின் நுனி இறங்கி, அச்சு திரும்பி, மூக்கு மேலே போய்விடும். என் ஜீப் சின்னது, ஷாஃப்றும் கட்டை. நீள வாகனத்தில் 3 அங்குலம் பெரிதாகத் தெரியாது, இதில் கோணம் பாய்ந்து ஏறும்.

இன்னொன்றும் பிடித்தார். ஷாஃப்றை முன்பு கழற்றியவர்கள், அதன் இரண்டு துண்டும் பல்லுப் பல்லாக ஒன்றுக்குள் ஒன்று கொழுவும் ஸ்பிளைனைத் திரும்பப் பூட்டும்போது ஒரு பல்லு மாறிப் பூட்டியிருக்கிறார்கள். இரண்டு முனையிலும் யூ ஜொயின்றைப் பிடிக்கும் காதுகள் ஒரே நேரில் இல்லை. கோணம் சரியாக இருந்தாலுமே இது நடுங்கியிருக்கும்.

"அது சரி, ஏன் உயர்த்தினனீர்?"

டிஃப் இடிக்கிற கதையைச் சொன்னேன். அண்ணை சிரிக்கவில்லை, அது பெரிய மனது. ஸ்பிறிங்கை உயர்த்தினால் வண்டியின் பொடிதான் உயரும். டிஃப் அச்சோடு இருக்கிறது, அச்சு ரயரின் மேல் நிற்கிறது. ரயரைப் பெருப்பித்தால்தான் டிஃப் எழும்பும். நான் மூன்று அங்குலம் உயர்த்திய பிறகும் என் டிஃப் அதே உயரத்தில்தான் வரம்பில் இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் குனிந்து பார்க்கவில்லை.

ரான்ஸ்பர் பொக்ஸைக் கட்டை வைத்து இறக்கலாமா என்று கேட்டேன். கிளச் இணைப்பு இழுபடும், கியர் தடி வண்டியின் தரைத்தகட்டில் முட்டும், வேண்டாம் என்றார். நீளச் சக்கிளைக் கழற்றிப் பழையதைப் போட்டார், கூட்டிய தகடுகளை அப்படியே இருக்க விட்டார். உயர்வு ஒன்றரை அங்குலத்துக்கு வந்தது. மிச்சத்துக்கு 2 பாகை இரும்பு ஆப்பு இரண்டு, தெரிந்த லேத் பட்டறையில் கடைவித்து, ஸ்பிறிங்குக்கும் அச்சுக்கும் இடையில் வைத்தார். அலுமினியத்தில் விற்பதை வாங்காதே, நொறுங்கும் என்றார். சென்ரர் போல்ற் நீளமானது, ஸ்பிறிங்கை அச்சோடு இறுக்கும் யூ போல்ற் நாலும் புதிது. யூ ஜொயின்ற்றுகளின் நடுவில் உள்ள குறொஸ் இரண்டும் மாற்றினோம். பழையதைக் கழற்றியபோது ஊசி பெயரிங் தடம் இரும்பில் பள்ளம் போட்டிருந்தது. இப்போது முன்னுக்கு 7 பாகை, பின்னுக்கு 8. அந்த ஒரு பாகை வித்தியாசம் வேண்டுமென்றே விட்டது. இழுவையில் ஸ்பிறிங் முறுகி மூக்கு கொஞ்சம் எழும்பும், அப்போது இரண்டு கோணமும் சமமாகும்.

முன் ஷாஃப்றை அவர் தொடவில்லை. முன் அச்சைத் திருப்பினால் காஸ்ரர் (முன் சில்லு திரும்பும் அச்சின் சாய்வு) குழம்பி ஸ்ரியரிங் அலையும் என்றார். நான் முன் சில்லை இணைப்பது சேற்றில் மட்டும், 20 கிலோமீற்றர் வேகத்துக்குக் கீழே. அது போதும். ரயரையும் 6.00-16 இல் இருந்து 7.00-16 ஆக்கினேன். டிஃப் முக்கால் அங்குலம் எழும்பியது. மண்வெட்டி இன்னும் வண்டிக்குள்தான் கிடக்கிறது.

ரயர் தவிர எல்லாமாக 46,000 ரூபா. வேலைக்கூலி அதில் 15,000 தான். குறை இல்லாமல் இல்லை. மூன்று நாள் என்றார், எட்டு நாள் ஆனது. லேத்காரர் இழுத்தடித்தார் என்பது அவர் கணக்கு. தொலைபேசி எடுக்கவே மாட்டார். பற்றுச்சீட்டு கேட்டால் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதித் தருவார். நல்லூர்த் திருவிழா 25 நாளும் மத்தியானத்தோடு பூட்டு. அப்புறம், 70 இல் ஒரு மெல்லிய இரைச்சல் இன்னும் இருக்கிறது. உயர்த்திய வண்டி, 7 பாகைக்கு அது வரும், 4 பாகை வேண்டுமென்றால் முழுக்க இறக்கு என்று முதலே சொல்லிவிட்டார். நான் 60 க்கு மேல் போவதில்லை.

500 கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்ற்றுகளை இறுக்க வரச் சொன்னார். போனேன், காசு வாங்கவில்லை. நீங்கள் போவதென்றால் காலை எட்டரைக்கு முதல் போங்கள், வழமையாக ஏற்றுகிற பாரத்தையும் ஏற்றிக்கொண்டு போங்கள். எனக்குப் பிறகு வந்த ஹைலக்ஸ்காரர் வெறும் வாகனத்தோடு வந்தார். மண் மூட்டை இரண்டும் அதற்கு எந்த மூலைக்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார்.