ஓமோ பள்ளத்தாக்குக்குப் போகிறீர்களா? ‘எல்லாம் சேர்த்து ஒரே தொகை’ என்றால் கவனம்

எத்தியோப்பியாவின் தென்மேற்கில் இருக்கும் ஓமோ பள்ளத்தாக்குக்குப் போக நினைப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கிராமத்து மக்களுக்கு என்று சொல்லி எங்களிடம் வாங்கிய பணத்தை அடிஸ் அபாபாவில் இருக்கும் ஒரு பயண நிறுவனம் அவர்களுக்குக் கொடுக்கவே இல்லை. எங்கள் பணம் போனதைவிட அதுதான் மனது ஆறவில்லை.

வண்டி, டிரைவர், தங்கும் இடம், உள்ளூர் வழிகாட்டி, கிராமக் கட்டணம், படம் எடுக்கும் கட்டணம், மாகோ தேசியப் பூங்கா வழியாக முர்சி பழங்குடி மக்களிடம் போகும்போது கூட வரும் துப்பாக்கிக் காவலர், எல்லாம் அடக்கம் என்று பேச்சு. ஹாமர் பழங்குடி மக்களின் காளை தாண்டும் சடங்கும் “நிச்சயம் உண்டு” என்று வாட்ஸ்அப்பில் எழுதியே தந்தார்கள். பாதி முன்பணம், மீதி கிளம்பும் அன்று டாலராகக் கையில்.

துர்மி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஹாமர் குடியிருப்புக்கு, உள்ளூர் வழிகாட்டியே இல்லாமல் டிரைவர் வண்டியை நேராக விட்டார். பெரியவர் ஒருவர் வந்து மறித்தார். “கட்டியாகிவிட்டது” என்று டிரைவர் சாதித்தார். பேச்சு முற்றியபோது, ஜிங்கா நகரத்தில் படிக்கும் ஒரு பையன் எங்களிடம் ஆங்கிலத்தில் சொன்னான்: “இந்த வண்டி முன்னாடியும் வந்திருக்கிறது. அப்போதும் இதே பதில்தான். காசு வரவே இல்லை.” டிரைவரோ எங்கள் பக்கம் திரும்பி, “இவர்கள் பேராசைக்காரர்கள், கண்டுகொள்ளாதீர்கள்” என்கிறார்! பெரியவர் கையிலேயே கட்டணத்தைக் கொடுத்தோம். அப்புறம் அங்கே ஒரு வீட்டு அம்மா எங்களைக் குடிசைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். காவியும் வெண்ணெயும் குழைத்துத் திரித்த கூந்தல், கைநிறைய உலோகக் காப்புகள். காப்பிக்கொட்டையின் தோலைக் கொதிக்கவைத்து, சுரைக்குடுக்கையில் ஊற்றித் தந்தார். சூடு ஆறும்வரை பொறுங்கள் என்று கையைக் காட்டினார். இவர்களையா பேராசைக்காரர்கள் என்பது?

சடங்கு என்று மறுநாள் காட்டியது சுத்த மோசடி. நாலைந்து மாடுகள், இரண்டு மூன்று இளைஞர்கள், பத்து நிமிடத்தில் முடிந்தது. உண்மையில் அது ஒரு பையன் கல்யாணத்துக்குத் தகுதி பெறும் நாள். உறவுப் பெண்கள் காலில் மணி கட்டி, ஊதுகுழல் ஊதி, ஆடிக்கொண்டே வருவார்கள். வரிசையாக நிறுத்திய மாடுகளின் முதுகில் பையன் பலமுறை ஓடிக் கடக்க வேண்டும். தேதியைக் குறிப்பது அந்தக் குடும்பம். சனிக்கிழமை திமேகா ஊர்ச் சந்தையில், நாங்களே துர்மியில் அமர்த்திய வழிகாட்டி, அங்கே வந்திருந்த ஒருவர் கையில் இருந்த கயிற்றை எங்களுக்குக் காட்டினார். அதில் முடிச்சுகள். சடங்குக்கு அழைக்கப்பட்டவர் நாளுக்கு ஒன்றாக அவிழ்த்துக்கொண்டே வருவார். முடிச்சு தீரும் நாளில் சடங்கு. நிலைமை இப்படி இருக்க, மாதக்கணக்கில் முன்பே அடிஸ் அபாபாவில் உட்கார்ந்து “நிச்சயம்” என்று எப்படிச் சொல்ல முடியும்?

முர்சி கிராமத்துக்கு ஜிங்காவிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. வண்டி வந்தது நண்பகலில். எத்தியோப்பியக் கணக்கில் பொழுது விடிவதிலிருந்துதான் மணி தொடங்கும். அவர்களின் பகல் 6 மணி நமக்கு மதியம் 12. “நான் எங்கள் மணியைத்தான் சொன்னேன்” என்றார் டிரைவர். வெளிநாட்டவரோடு தினமும் வேலை செய்பவருக்கு இது தெரியாதா? உச்சி வெயிலில் போய் இறங்கினோம். அங்கேயும் கட்டணம் போய்ச் சேரவில்லை. ஓமோ ஆற்றின் குறுக்கே கட்டிய கில்கெல் கிபே 3 அணை 2015-ல் தண்ணீரைத் தேக்கத் தொடங்கிய பிறகு ஆற்றின் வருடாந்திர வெள்ளம் நின்றுபோனது. வெள்ளம் வடிந்த கரையில் சோளம் விதைத்து, மாடு மேய்த்து வாழ்ந்தவர்களுக்கு இது பெரிய அடி. அப்படிப்பட்ட இடத்தில் பயணிகள் தரும் காசையும் இடையிலேயே அமுக்குவது அநியாயம். வாங்காத காசைக் கேட்டால் ‘நச்சரிக்கிறார்கள்’ என்று பெயர் வேறு.

பதிவு செய்யும்போது கிராமக் கட்டணம், படக் கட்டணம், உள்ளூர் வழிகாட்டிச் சம்பளம் மூன்றையும் தொகையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். துர்மியிலும் ஜிங்காவிலும் உள்ளூர் வழிகாட்டிகளின் சங்கங்கள் இருக்கின்றன. அங்கே நேரில் அமர்த்தி, உங்கள் கையாலேயே கொடுங்கள். யாரைப் படம் எடுக்கிறீர்களோ, எடுக்கும் முன் அவரிடமே விலை பேசிக்கொள்ளுங்கள். மணி பேசும்போது ‘எந்த மணி’ என்று எழுத்தில் வாங்குங்கள். இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாத ஏஜென்ட் வேண்டவே வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு நிறுவனம் முதலில் டிரைவரைக் கைகாட்டியது, பிறகு பதிலே இல்லை. வாட்ஸ்அப் நகல்களோடு ஜிங்காவில் சுற்றுலா அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் அந்தப் பக்கம் இப்படி நடந்திருந்தால் தேதி, ரசீது விவரங்களோடு எனக்கு எழுதுங்கள், புகாரோடு சேர்த்து அனுப்புகிறேன்.