‘லைட்டாத்தான்’ என்று சொல்லி ரிங்கில் ஏற்றினார்கள்: குத்துச்சண்டைக்குப் புதியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

குத்துச்சண்டை வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களும், பிள்ளைகளைச் சேர்த்துவிட்டிருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பயிற்சிக்கூடத்தின் பெயரைப் போடவில்லை. இந்தப் பழக்கம் அந்த ஒரு கூடத்தோடு நிற்கவில்லை என்பது விசாரித்த பிறகு தெரிந்தது.

சேரும்போது எனக்குச் சொன்னது இதுதான்: முதல் மூன்று மாதம் கால் நகர்த்துவது, ஜாப் (முன்கைக் குத்து), கிராஸ் (பின்கைக் குத்து), பேக் (தொங்கும் மூட்டையை அடிப்பது), பேட் (மாஸ்டர் கையில் பிடிக்கும் மெத்தையை அடிப்பது). ஸ்பாரிங், அதாவது இன்னொருவரோடு ரிங்கில் ஏறி அடித்துப் பழகுவது, அதற்கப்புறம், அதுவும் மாஸ்டர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்வார். அதை நம்பி ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினேன். அன்றே ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள். படிக்காமல் போட்டுக் கொடுத்தேன்.

நான்காவது வாரம் சனிக்கிழமை. கூட்டம் அதிகம், எல்லா பேக்கிலும் ஆள் இருந்தது. சும்மா நின்ற என்னைப் பார்த்து மாஸ்டர், “ஏறு, ரெண்டு ரவுண்டு போடு” என்றார். எதிரில் இருந்தவர் இரண்டு வருடமாக வருபவர், போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். எடையிலும் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு கிலோ கூட இருக்கும்.

“மாஸ்டர், நான் இன்னும் டிஃபென்ஸ் எதுவும் கத்துக்கலையே.”

“லைட்டாத்தான்டா. பயப்படாதே.”

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான். லைட் என்றால் எவ்வளவு? யார் அளவு பார்ப்பது? கூடினால் யார் நிறுத்துவது? நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஹெட்கார்ட், அதாவது தலைக்கவசம், கூடத்துப் பொதுச் சொத்து. முன்னால் போட்டவரின் வியர்வை உள்ளே காயாமல் இருந்தது. தாடைக்கு அடியில் ஒட்ட வேண்டிய பட்டை தேய்ந்துபோய்ப் பிடிக்கவே இல்லை. ஜாப் படும்போதெல்லாம் அது இடப்பக்கம் திரும்பி ஒரு கண்ணை மறைத்தது. கிளவுஸ் என்னுடையதுதான், பேக் அடிக்க வாங்கிய 12 அவுன்ஸ். அவர் போட்டிருந்ததும் பேக் கிளவுஸ்தான். முட்டிப் பக்கம் உள்ளே இருக்கும் பஞ்சு நசுங்கித் தட்டையாகியிருந்தது. பெரியவர்கள் ஸ்பாரிங்குக்கு வழக்கமாக 16 அவுன்ஸ் கிளவுஸ் போடுவார்கள், அடி கொஞ்சம் மெத்தென்று விழட்டும் என்பதற்காக. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் மாஸ்டர். அவர் ரிங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொருவருக்குப் பேட் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதல் ஒரு நிமிடம் உண்மையிலேயே லைட்டாகத்தான் போனது. அவர் தொட்டுத் தொட்டு எடுத்தார். பதற்றத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு வலது கையை வீச, அது அவர் மூக்கில் நன்றாகவே பட்டுவிட்டது. அதிலிருந்து அவர் அடி மாறியது. மூன்று முறை மாற்றி மாற்றி அடிப்பதற்குள் இரண்டு பேருமே முழு பலத்தில் அடித்துக்கொண்டிருந்தோம்.

அவரைக் குறை சொல்லி எழுதவில்லை. புதியவனுக்குத் தன் அடி எவ்வளவு கனம் என்று தெரியாது. மூச்சை அடக்கிக்கொண்டு, உடம்பை இறுக்கிக்கொண்டு, பயத்தில் அடிப்பதால் அது தேவைக்கு மேல் பலமாக விழும். வாங்கியவர் ‘இவன் நிஜமாகவே அடிக்கிறான்’ என்றுதான் எடுத்துக்கொள்வார். 2003இல் வெளியான ஓர் ஆய்வு பற்றிப் பிறகு படித்தேன். இரண்டு பேரை உட்காரவைத்து, மாற்றி மாற்றி மற்றவர் விரலை அழுத்தச் சொல்லியிருக்கிறார்கள். வாங்கிய அதே அழுத்தத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அழுத்தம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. தான் கொடுக்கும் விசையை மூளை குறைத்துக் காட்டுகிறது, வாங்குவது மட்டும் முழுதாக உறைக்கிறது. விரலிலேயே இப்படியென்றால், முகத்தில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் இரண்டு பேரிடம் ‘நீங்களே பார்த்து லைட்டாகப் போடுங்கள்’ என்று விட்டுவிட்டுப் போக முடியுமா? மூன்றாவது ஆள் ஒருவர் நின்று, ‘நிறுத்து, குறை’ என்று சொல்ல வேண்டும்.

திரும்பிப்போன ஹெட்கார்டை நேராக்க நான் கையைத் தூக்கிய நேரத்தில் பக்கவாட்டில் வளைந்து ஒரு ஹூக் குத்து வந்தது. இரண்டாவது ரவுண்டு எனக்கு நினைவில்லை. நான் நின்று ஆடினேன், கீழே விழவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது, அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து ஹேண்ட்ராப்பை அவிழ்க்கத் தெரியாமல் முழித்ததுதான். நாலரை மீட்டர் துணி. ஒரு மாதமாகத் தினமும் சுற்றி அவிழ்த்த துணி. எந்தப் பக்கம் இழுத்தால் பிரியும் என்று விளங்காமல் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு ஒரே நாளில் சேர்ந்த பையன் ஒருவன் வந்து அவிழ்த்துவிட்டான்.

அன்று இரவு வாந்தி. மறுநாள் ஜன்னல் வெளிச்சமே கண்ணுக்கு ஆகவில்லை. திங்கட்கிழமை மாஸ்டரிடம் சொன்னேன். “முதல் தடவை எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், பழகிடும். புதன்கிழமை வந்து இன்னொரு ரவுண்டு போட்டா பயம் தெளிஞ்சிடும்” என்றார். அவர் பேச்சைக் கேட்டுப் புதன்கிழமை போனேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. ஸ்கிப்பிங் கயிற்றை நாலு சுற்று சுற்றியதும் தரை சாய்ந்தது. ரிங்கில் ஏறாமல் வெளியே வந்து, நேராக மருத்துவரிடம் போனேன்.

கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி என்றார் மருத்துவர். நினைவு தப்பி விழுந்தால்தான் கன்கஷன் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, விழாமல் நிற்பவர்களுக்கும் வரும் என்று விளக்கினார். அடி பட்டதும் தலை சட்டென்று திரும்புகிறது, மண்டையோட்டுக்குள் மூளையும் உலுங்கித் திருகிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், வெளிச்சம் ஆகாமல் போவது, இடையில் நினைவு அறுந்துபோவது, காரணமில்லாத எரிச்சல், தூக்கம் கெடுவது எல்லாமே அறிகுறிகள். ஒரு அதிர்ச்சி ஆறுவதற்குள் இன்னொன்று பட்டால், அது லேசான அடியாக இருந்தாலும், மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அரிதுதான், ஆனால் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும்தான் அந்த ஆபத்து அதிகம். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, அப்புறம் மெதுவான நடையில் தொடங்கிப் படிப்படியாகப் பயிற்சி. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தலையில் ஒரு அடிகூடப் படக் கூடாது. எனக்குத் தலைவலி முழுதாக விட ஐந்து வாரம் ஆனது.

“ஹெட்கார்ட் போட்டிருந்தேனே” என்று அவரிடம் கேட்டேன். பல பேர் மனதில் இருக்கும் கேள்வி இது. ஹெட்கார்ட் தோல் கிழியாமல், புருவம் வெடிக்காமல் காக்கும். உள்ளே மூளை உலுங்குவதை அது தடுக்காது. 1984 ஒலிம்பிக்கில் கட்டாயமாக்கப்பட்ட ஹெட்கார்டை 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு எடுத்தேவிட்டார்கள். அதற்காகப் பயிற்சியில் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் போடுங்கள். ஆனால் ‘ஹெட்கார்ட் இருக்குல்ல, பலமா அடிக்கலாம்’ என்று ஒருவர் சொன்னால் அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோதுதான் அந்தப் படிவம் வெளியே வந்தது. ‘காயங்களுக்குக் கூடம் பொறுப்பல்ல, கட்டணம் திருப்பித் தரப்படாது.’ கீழே என் கையெழுத்து. மூன்று மாதத்துக்கு ஸ்பாரிங் இல்லை என்று சொன்னீர்களே என்றேன். “அது பொதுவா சொல்றது, ஆளைப் பொறுத்து மாறும்” என்றார்கள். ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

இப்போது வேறு இடத்தில் கற்றுக்கொள்கிறேன். லைட் ஸ்பாரிங் என்றால் என்ன என்பதை அங்கேதான் பார்த்தேன், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏறுவதற்கு முன் வேலை ஒன்றைக் கொடுப்பார்கள். இந்த ரவுண்டு ஜாப் மட்டும். அடுத்த ரவுண்டு உடம்புக்கு மட்டும், தலைக்குப் போகக் கூடாது. அதற்கடுத்து நீ அடி, அவர் தடுப்பார், திருப்பி அடிக்க மாட்டார். ஒரு ரவுண்டு இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. பலம் எவ்வளவு என்பதைக் கோச் என் தோளில் ஒரு தடவை குத்திக் காட்டினார்: “இவ்வளவுதான். இதுக்கு மேல போனா இறக்கிடுவேன்.” கிளவுஸ் முகத்தைத் தொட வேண்டும், முகத்தைத் தாண்டிப் போகக் கூடாது. வேகம் இருக்கலாம், கனம் இருக்கக் கூடாது. வேகத்தைக் கூட்டினால் கனமும் சேர்ந்தே வருகிறவர்களுக்கு, என்னைப் போல, வேகமும் பாதிதான்.

முதல் நாள் அங்கே எனக்குக் கிடைத்த ஜோடி பத்து வருடப் பழக்கமுள்ளவர். நான் கண்ணை மூடும்போதெல்லாம் கிளவுஸின் நுனியால் என் நெற்றியில் மெல்லத் தட்டினார். “கண்ணைத் திற தம்பி, வர்றதைப் பாரு.” நான்காவது முறை அவர் ஜாப் என் புருவத்துக்கு வரும் வழி முழுவதும் தெரிந்தது. தலையை ஒரு விரல்கடை நகர்த்தினேன், காதோரம் போனது. அந்த ஒரு நொடியில் கற்றுக்கொண்டதை முந்தைய கூடத்தில் ஆறு மாதம் அடி வாங்கியிருந்தாலும் கற்றிருக்க மாட்டேன். பயந்துபோன ஆள் முகத்தைத் திருப்புவான், கண்ணை மூடுவான், முதுகைக் காட்டுவான். மறுபடி மறுபடி அப்படிப் பயந்தால் உடம்பு அதையே பழகிக்கொள்ளும். அடி வாங்கி உறுதியாவதாகச் சொல்வதெல்லாம் புதியவன் விஷயத்தில் பொய். அடிக்கடி நிஜப் போட்டியில் இறங்கும் தாய்லாந்தின் முவே தாய் குத்துச்சண்டை வீரர்களே பயிற்சியில் விளையாட்டுப் போலத்தான் மெல்ல ஆடுவார்கள். அடுத்த சண்டைக்கு உடம்பு மிச்சம் இருக்க வேண்டுமே.

ஹார்ட் ஸ்பாரிங்கே, அதாவது பலமாக அடித்துப் பழகுவதே, கூடாது என்பது என் கட்சி இல்லை. போட்டிக்குப் போகிறவர் நிஜ அடியின் கீழ் தன் டிஃபென்ஸ் நிற்கிறதா என்று பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அது எடையும் அனுபவமும் ஒத்த ஆளோடு, கோச் கண் எடுக்காமல் பார்க்க, எண்ணிச் சில ரவுண்டு நடக்க வேண்டியது. நாலு வாரம் ஆனவனைச் சும்மா நிற்கிறான் என்று ஏற்றிவிடுவது அதில் சேராது.

சேருவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, அல்லது அவர்கள் ஸ்பாரிங் வைக்கும் எந்த நாளானாலும், போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ரிங்கில் ஆள் இருக்கும்போது பயிற்சியாளரின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஒருவர் தடுமாறினால் நிறுத்துகிறார்களா, கைதட்டுகிறார்களா? பெரிய ஆளோடு சின்ன ஆளைக் கோர்க்கிறார்களா? தலைவலி என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் வருகிறது? ‘பழகிடும்’ என்று வந்தால் கிளம்பிவிடுங்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள், வாயால் சொன்ன வாக்கை எழுதிக் கேளுங்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்களா? ‘நான் இன்று ஏறவில்லை மாஸ்டர்’ என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அன்று எனக்கு அந்த வாய் வரவில்லை.

என் ஹேண்ட்ராப்பை அவிழ்த்துவிட்ட பையன் இன்னும் அங்கேதான் போகிறான். போன வாரம் பேசினான். சனிக்கிழமைதோறும் ஏற்றுகிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தலை கனமாக இருக்கிறதாம், ஆனாலும் பரவாயில்லை அண்ணா என்றான். மருத்துவரின் முகவரியை அனுப்பியிருக்கிறேன். நாளை நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.