‘உள்ளே இருந்து வந்த தகவல்’: ஒரு சந்தாச் சேவையில் மூன்று மாதங்கள்

பங்குச்சந்தைக் குறிப்புகளை விற்கும் ஒரு டெலிகிராம் குழுவில், மூன்று மாதச் சந்தாவாக 4,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். நிறுவனங்களுக்குள் இருப்பவர்கள் தரும் தகவல் மட்டுமே இதில் வரும் என்று சேரும்போது உறுதி கூறினார்கள். இதே சொற்களைச் சொல்லி விற்பவர்கள் பலர் என்பதால், குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை.

சந்தை திறப்பதற்குச் சற்று முன், காலை 9.05 மணிக்குச் செய்தி வரும். ‘கன்ஃபார்ம் நியூஸ், உள்ளே இருந்து வந்தது, யாருக்கும் ஃபார்வேர்ட் செய்யாதீர்கள்’ என்ற வரியோடு, ஒரு சிறு நிறுவனத்துக்குப் பெரிய ஆர்டர் கிடைத்திருப்பதாக முதல் செய்தி வந்தது. பங்குச்சந்தையின் இணையதளத்தில் அந்நிறுவனத்தின் அறிவிப்புகளைத் திறந்து பார்த்தபோது, அந்த ஆர்டர் முந்தைய நாள் மாலையே யாரும் காசில்லாமல் படிக்கும்படி வெளியாகியிருந்தது. அன்று முதல் ஒவ்வொரு குறிப்பையும் நோட்டில் எழுதிச் சரிபார்த்தேன். மொத்தம் 31 குறிப்புகளில் 19 ஏற்கெனவே வெளியானவை. 9 நடக்கவே இல்லை. மிஞ்சிய மூன்று மட்டும் சொன்னபடியே நடந்தன. என்னைக் கலங்க வைத்தவை அந்த மூன்றும்தான்.

நிறுவனத்தின் இரகசியம் ஒருவருக்குத் தெரிந்திருப்பதே குற்றம் ஆகாது. கணக்குத் தணிக்கையாளர், வங்கியாளர், வழக்கறிஞர் ஆகியோர் அதை அறியாமல் தங்கள் வேலையைச் செய்ய முடியாது. அதனால்தான் யாரிடம் எந்தத் தகவல் பகிரப்பட்டது என்பதை நிறுவனம் பதிவு செய்து வைக்க வேண்டும் என்றும், காலாண்டு முடிந்த நாள் முதல் முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை உள்ளே இருப்பவர்கள் அந்தப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது என்றும், பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. விலையைப் பாதிக்கக்கூடிய, இன்னும் வெளியாகாத தகவலைக் கையில் வைத்திருக்கும் எவரும் அவ்விதிகளின்படி ‘உள்ளாள்’தான்; அந்த நிறுவனத்தின் வாசலையே மிதிக்காத சந்தாதாரருக்கும் இது பொருந்தும். அந்தத் தகவலை வைத்துப் பங்கை வாங்கினாலோ விற்றாலோ, செபி சட்டத்தின் 15ஜி பிரிவில் குறைந்தபட்ச அபராதம் 10 லட்சம் ரூபாய். அது 25 கோடி ரூபாய் அல்லது கிடைத்த லாபத்தின் மூன்று மடங்கு, இவற்றில் எது அதிகமோ அதுவரை போகலாம். ஆக, குறிப்பை நம்பி நான் பங்கு வாங்கினால், அது பொய்யானால் என் பணம் போகிறது, மெய்யானால் நானே குற்றவாளி ஆகிறேன்.

இது வெறும் அச்சமூட்டல் அல்ல. 2008 செப்டம்பரில், அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸில் வாரன் பஃபெட்டின் நிறுவனம் 500 கோடி டாலர் முதலீடு செய்யவிருந்த செய்தியை, இயக்குநர் கூட்டம் முடிந்த கையோடு, அந்த வங்கியின் இயக்குநர்களில் ஒருவரான ரஜத் குப்தா தொலைபேசியில் சொன்னது, முதலீட்டு நிதி ஒன்றை நடத்திவந்த, கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினத்திடம். பல குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்பட்டு ராஜரத்தினத்துக்கு 2011இல் 11 ஆண்டுச் சிறைத் தண்டனையும், அடுத்த ஆண்டு குப்தாவுக்கு 2 ஆண்டுத் தண்டனையும் கிடைத்தன.

மூன்றாம் மாதத்தில் குழு நடத்துபவரிடம் செபி பதிவு எண்ணைக் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை; மீண்டும் கேட்டபோது, அடுத்த நிமிடமே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். செய்திகள் அனைத்தையும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். நோட்டுப் பக்கங்களின் நகலோடு அவற்றைச் செபிக்கு அனுப்பியிருக்கிறேன்.