‘மெடிக்கல் கோட்டா’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

உடல்நலப் பிரச்சினை உள்ள பிள்ளையை இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குத் தயார்படுத்தும் வீடுகளுக்காக எழுதுகிறேன். நோயுள்ள பிள்ளைகளுக்கு ‘மெடிக்கல் கோட்டா’ என்று தனி இட ஒதுக்கீடு எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லித்தான் மதுரையில் ஓர் அட்மிஷன் கன்சல்டன்சி எங்களிடம் 30,000 ரூபாய் வாங்கியது.

என் தம்பிக்கு ஹீமோபிலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய். முழங்காலுக்குள் ரத்தம் கசிந்துவிட்டால் நாள்கணக்கில் காலை மடக்க முடியாது. பிளஸ் டூவில் பல நாள் பள்ளிக்கே போகாமல் படுத்தபடி படித்தான். கன்சல்டன்சிக்காரர் அம்மாவிடம், "நீங்க ஆஸ்பத்திரி பக்கமே அலைய வேண்டாம்மா, சர்ட்டிபிகேட்டுலேர்ந்து சீட்டு வரைக்கும் எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைந்த அம்மாவுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

சட்டத்தில் இருப்பது வேறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் பட்டியலில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் என்ற மூன்று ரத்த நோய்களும் அதில் உண்டு. ஆனால் நோய் இருந்தால் மட்டும் போதாது, பாதிப்பு 40 சதவீதமாவது இருப்பதாக அதற்கு அதிகாரம் பெற்ற அரசு மருத்துவர்கள் சான்று தர வேண்டும். டைப் 1 சர்க்கரை நோயும் இதய நோயும் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. நாங்கள் உட்கார்ந்திருந்தபோதே, இதய ஆபரேஷன் ஆன ஒரு பெண்ணின் அப்பாவிடமும் அந்த ஆள் முன்பணம் வாங்கினார். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எங்களுக்குக் கொடுத்தது ஒரு தனியார் டாக்டரின் லெட்டர்பேடில் ‘45 சதவீதம்’ என்று எழுதிய சான்றிதழும், ஒரு காகிதத்தில் குறித்த யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) எண்ணும். சான்றிதழ் சரிபார்ப்பில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தார்கள், தம்பியின் பெயரில் எதுவும் வரவில்லை. அங்கிருந்த பெண் அலுவலர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "இதைக் கொடுத்தா கேஸ் உன் மேலதான் வரும் தம்பி, எடுத்துட்டுப் போயிடு" என்றார். அவர் சொன்னது உண்மை. மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகையை மோசடியாகப் பெற்றாலோ, பெற முயன்றாலோ, சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவது பிள்ளைதான். எழுதிக் கொடுத்தவர் பெயர் எந்த விண்ணப்பத்திலும் இருக்காது.

பிறகு தம்பி ஃபேக்டர் ஊசி (ரத்தம் உறைய உதவும் மருந்து) போட்டுக்கொள்ளும் அதே ஜிஹெச்சில், சான்று தரும் மருத்துவர் குழுவான மெடிக்கல் போர்டு முன்னால் நின்றோம். முழங்கால் எக்ஸ்ரே, ஃபேக்டர் அளவு ரிப்போர்ட், ஊசி போட்ட பதிவுகள் எல்லாம் அங்கேயே இருந்தன. 40க்கு மேல்தான் போட்டுக் கொடுத்தார்கள். பைசா வாங்கவில்லை. ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புப் பிரிவுக் கவுன்சலிங் பொதுக் கவுன்சலிங்குக்கு முன்பே நடந்துவிடும். சான்றிதழ் கைக்கு வந்தபோது அது முடிந்திருந்தது. உரிமையுள்ள இடத்தை விட்டுவிட்டு, பொதுப் பிரிவில் வீட்டிலிருந்து வெகுதூரத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தான். திடீரென்று ரத்தம் கசிந்தால் ஊசிக்கு எங்கே ஓடுவான் என்பதுதான் இப்போது அம்மாவின் கவலை. பணத்தைவிட அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை.

பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போதே யுடிஐடிக்கு ஆன்லைனில் விண்ணப்பித்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. வழி தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். போர்டுக்குப் போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஊசிச் சீட்டு எதையும் விட்டுவிடாதீர்கள். அசல் உங்கள் கையிலேயே இருக்கட்டும். எங்கள் அசல் ரிப்போர்ட்டுகளில் சில இன்னும் அந்த ஆளிடம்தான் இருக்கின்றன.