எல்எஸ்ஸா, ஈசாவா, ட்ரீயா?

கிளிநொச்சியில் ஒரு கமக்காரர் அமைப்பின் கணினிக் கோப்புகள் என் பொறுப்பில் இருக்கின்றன. சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் எட்டாது. அதனால் பங்குப் பட்டியல் திரும்பத் திரும்பத் திருத்தப்படும். கோப்புறைக்குள் 'பங்கு புதியது', 'பங்கு கடைசி', 'பங்கு கடைசி 2' என்று வரிசையாகக் கிடக்கும். பெயரை நம்ப ஏலாது, நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். எனவே கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளையிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக மாறியது எது?

லினக்ஸில் அதற்கு 'எல்எஸ் -எல்டிஆர்' (ls -ltr). விவரத்தோடு, நேர வரிசையில், தலைகீழாக. புதிய கோப்பு கடைசி வரியில், அடுத்த கட்டளை தட்டும் இடத்துக்கு நேர் மேலே வந்து நிற்கும். பட்டியல் எவ்வளவு நீண்டாலும் மேலே போய்த் தேடத் தேவையில்லை.

ட்ரீ வேறு வேலைக்கு. கோப்புறைகளின் அமைப்பை இன்னொருவருக்குக் காட்ட 'ட்ரீ -எல் 2' (tree -L 2, பெரிய எல்) போல வசதியானது வேறில்லை. தினசரிப் பாவனைக்கு அது நீளம். விண்டோஸில் 'டிர் /ஓடி' (dir /od) புதியதை அடியில் காட்டும், சரி. ஆனால் பழைய கருப்புத் திரையில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். விண்டோஸின் புதிய கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் எல்எஸ் என்று தட்டினால் ஓடும். -எல்டிஆர் சேர்த்தால் அப்படியொரு தெரிவே இல்லை என்று திட்டும். பெயர் மட்டும்தான் எல்எஸ், உள்ளே வேறு ஆள்.

உண்மையான போட்டி ஈசாதான் (eza), எல்எஸ்ஸின் வேலையைச் செய்யும் புதிய கட்டளை. நிறம் அழகு, கோப்பின் அளவைக் கேட்காமலே கேபி, எம்பி என்று சொல்லும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் ஒவ்வொரு கோப்பும் எந்த நிலையில் இருக்கிறது என்றும் காட்டும். நான் அதை அதிகம் பாவித்ததில்லை, நிரல் எழுதுபவர்களுக்கு அது ஒன்றே போதுமான காரணமாக இருக்கலாம்.

என்னைத் தடுத்தது பராமரிப்பு. முதலில் இருந்தது எக்ஸா (exa). அதன் பராமரிப்பு 2023இல் நின்றுபோக, அதிலிருந்து பிரிந்து வளர்ந்ததுதான் ஈசா. பெயர் மாறியதும் பழைய குறுக்குக் கட்டளைகளையெல்லாம் ஒவ்வொரு கணினியிலும் திருத்த வேண்டும். என் வேலை ஒரே கணினியில் நடப்பதில்லை: அமைப்பின் பழைய பெட்டி, வீட்டு மடிக்கணினி, வாடகை சேர்வர். ஒவ்வொன்றிலும் போன் டேட்டாவில் ஈசாவை இறக்கி, பிறகு புதுப்பித்துக்கொண்டும் இருக்க எனக்குப் பொறுமையில்லை. இதைவிட மோசம், விரல் பழக்கம் கெடுவது. ஈசாவில் -டி என்றால் எந்த நேரத்தைக் காட்டுவது என்று பொருள். அதற்குப் பின்னால் வரும் ஆர் எழுத்தை அது நேரத்தின் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படி ஒன்றில்லை என்று நின்றுவிடும். அதில் பழகிவிட்டு சேர்வருக்குப் போனால் அங்கே இருப்பது எல்எஸ் மட்டும். எந்த லினக்ஸில் உட்கார்ந்தாலும் ஏற்கெனவே இருப்பதைத்தான் விரல் பழக வேண்டும் என்பது என் கட்சி.

எல்எஸ்ஸிலும் சில்லெடுப்பு உண்டு. சேர்வரின் மொழி அமைப்பு, தமிழையும் தாங்கும் எழுத்துக் குறியீடான யூடிஎஃப்-8 ஆக இல்லாவிட்டால் 'பங்கு' என்ற பெயர் 340, 256 என்று எண்களாகச் சிதறித் தெரியும். அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும், கோப்புக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம், வெறும் 'சிபி' போட்டு நகலெடுத்தால் நகலுக்கு இன்றைய நேரம் விழுந்து, போன வருடப் பட்டியலும் புதியதுபோல அடியில் வந்து குந்திவிடும். நேரத்தை வைத்துத் தேடுபவர்கள் 'சிபி -பி' (cp -p) என்றே தட்டுங்கள், பழைய நேரம் அப்படியே நிற்கும்.